விழுந்த இடம்

விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு
சாங்கியில் ஓடுபாதையை மூடி
எங்களை இறக்கிவிடுவார்கள்.
குனிந்து நடப்பதுதான் வேலை.
ஒரு திருகாணி, ஒரு ரப்பர் துணுக்கு,
எவர் பெட்டியிலிருந்தோ கழன்ற பூட்டு.
கிடைத்ததைப் பையில் போடு,
இடத்தை எழுது, நேரத்தை எழுது.
இன்ஜின் எதையும் மென்று பார்ப்பதில்லை,
அப்படியே விழுங்கிவிடும் என்பார்
மேற்பார்வையாளர் ஹபீசுதீன்.

டிசம்பர் கடைசி வாரம்.
வடக்கிலிருந்து காற்று.
புல்லோரத்தில் கிடந்தது
ஒரு கம்பி வளையம்.
குறுக்காக இரண்டு கம்பி,
நடுவில் கருகிய மெழுகுக் கட்டி,
ஓரத்தில் கைக்குட்டை அளவு
வெள்ளைக் காகிதம்.
டார்ச்சைத் திருப்பினேன்.
தமிழ்.

"...க்குச் சீக்கிரம் நல்லபடியா"

அவ்வளவுதான்.
முன்னால் இருந்த பெயரையும்
பின்னால் இருந்த வினையையும்
நெருப்பு தின்றிருந்தது.

படிவத்தில் பொருளின் வகை கேட்டார்கள்:
உலோகம், ரப்பர், கல், விலங்கு, பிற.
பிற.

யாருக்கு? என்ன நல்லபடியா?
பிரசவமா, விசாவா, அறுவைச் சிகிச்சையா?
பாசிர் ரிஸ் கரையில் நின்று
கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து
புள்ளியாகி மறைந்ததும் கைதட்டிவிட்டு
பஸ் பிடித்துப் போயிருப்பார்கள்.
மறைந்ததெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று
நினைத்துக்கொள்வது எத்தனை சுலபம்.

திட்ட வாய் வரவில்லை.
பதினாறு வருடம் முன்பு
கிராஞ்சிப் பக்கம் ஒரு காலி மனையில்
நான்கு பேர் நான்கு மூலை பிடித்து
நானும் ஒன்று விட்டேன்.
பர்மிட் நீளணும் என்று எழுதி.
பர்மிட் நீண்டது.
வானத்துக்கு நன்றி சொன்னேன்.
அது எங்கே இறங்கியது,
எந்தக் கூரையில், எந்தக் கொக்கின் காலில்,
அணைந்தா, எரிந்துகொண்டா,
கேட்கவே இல்லை.
மேலே போகும்வரைதான்
எங்களுக்குக் கண் இருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி மாலை.
தெம்பனிஸ், எங்கள் புளோக்.
லிஃப்ட் வாசலில் பரிதி,
எட்டாம் மாடிப் பையன்,
இணையத்தில் வாங்கிய பத்து விளக்குகளோடு.
"அங்கிள், லைட்டர் இருக்கா?"

இருக்கு என்றேன். கொடுக்கவில்லை.
கார் பார்க்குக்கு மேலே
சக்கரம் இறக்கிப் போய்க்கொண்டிருந்த
ஒரு விமானத்தின் வயிற்றைக் காட்டினேன்.
பார்த்தான். முகம் தொங்கிவிட்டது.
"அப்ப காசு வேஸ்ட்டா?"
எனக்குப் பதில் தெரியவில்லை.

தெரிந்தது நாலாம் மாடி குவா மெய் லிங்குக்கு.
துணி காயப்போடும் மூங்கில் கழிகளைத்
தோளில் சுமந்து வந்து
கீழ்த்தளத் தூண்களுக்கிடையே கட்டினாள்.
மெழுகைப் பிடுங்கித் தனியே வைத்தோம்.
உள்ளே குட்டிப் பேட்டரி பல்பு.
நூல், இரட்டை முடிச்சு.

பறக்காத விளக்கு
கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருந்தது,
காற்றுக்கு உப்பிய கொசுவலை மாதிரி.
ஆனால் எழுதியதைப் படிக்க முடிந்தது.
பரிதி: கணக்குல அம்பதாவது வரணும்.
மெய் லிங் சீனத்தில் ஏதோ எழுதினாள்,
கேட்டதற்குச் சிரித்தாள்.
ஒன்றில் பென்சிலால், பெயரில்லாமல்:
ராத்திரியில் அப்பாவைப் பார்த்துக்க ஆள் வேணும்.

பத்தாவது எனக்கு.
வெகுநேரம் பேனாவோடு நின்றேன்.
பிறகு எனக்குத் தெரிந்த அந்தப் பாதியை எழுதினேன்,
முன்னால் ஒரு பெயருக்கும்
பின்னால் ஒரு வினைக்கும்
இடம் விட்டு.

நள்ளிரவுக்குச் சற்று முன்பு
பென்சில் வரிக்குக் கீழே
யாரோ நீல மையில் எழுதியிருந்தார்கள்:
பதினோராம் மாடி, கடைசி வீடு.
செவ்வாய், வியாழன் நான் வர்றேன்.

ஒன்றுக்குத்தான் பதில் வந்தது.
மற்றவை ஒரு மணிச் சாரலில் நனைந்தன.
பரிதியின் ஐம்பது
கரைந்து வழிந்து சுழியம் மட்டும் நின்றது.

அவிழ்க்கும்போது கம்பிகளை எண்ணினேன்.
பழக்கம்.
பத்து.
மறுபடி எண்ணினேன்.
பத்தும் இருந்தன.
வேலைக்குக் கிளம்ப
இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.